நாலு மணிக்கு எத்தனை பேர்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன். விளக்கப் போனால் சிரிக்கிறார்கள். திருவொற்றியூரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் உட்கார்ந்துகொண்டு, நாட்டில் எந்தக் காட்டில் தீ எரிகிறது, அதை அணைக்க எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிவது ஒரே ஒரு மரம். அதுவும் முருங்கை. அதன் இலையும் பாதி நாள் கரித்தூள் படிந்து கறுப்பாக இருக்கும்.

இதற்கு முன்னால் பதினாறு வருடம் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் இருந்தேன். எந்தக் கண்டெய்னர் எங்கே நிற்கிறது, கப்பலிலா, யார்டிலா, எண்ணூர் சாலையில் மாட்டிக்கொண்ட லாரியிலா என்று கேட்பவர்களுக்குச் சொல்லும் வேலை. அலுவலகத்தை மூடியபோது கூட வேலை பார்த்த ஒருத்தி இந்த வேலையைச் சொன்னாள். "அங்க பெட்டி, இங்க நெருப்பு. அவ்ளோதான் வித்தியாசம்" என்றாள். அவள் சொன்னது முக்கால்வாசி சரி.

பிப்ரவரியில் தொடங்கி மழை பிடிக்கும்வரை வேலை இருக்கும். மதியம் ஒன்றரை மணி வாக்கில் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே போகும். கொஞ்ச நேரத்தில் என் திரையில் இருக்கும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் இடத்துச் சூடு. அது காட்டுத்தீயா, யாராவது அறுவடை முடிந்த வயலில் தாளைக் கொளுத்துகிறார்களா, செங்கல் சூளையா என்று பிரிக்க வேண்டும். தெற்கு மாநிலங்கள் என் பங்கு. மற்ற திசைகளை வேறு ஊர்களில் வேறு சிலர் பார்க்கிறார்கள். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவர்களுக்குத் தெரியாது. காட்டுத்தீ என்று முடிவு செய்து ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த வனச்சரகத்தில் இருக்கும் எல்லாருடைய கைபேசிக்கும் செய்தி போகும். அதன்பிறகு சரகம் சரகமாக போன் போட்டு, மலையில் எத்தனை பேர், எத்தனை ஜீப், எத்தனை ப்ளோயர் என்று கேட்டு அட்டவணையில் நிரப்ப வேண்டும். ப்ளோயர் என்பது முதுகில் மாட்டிக்கொண்டு காற்றடித்துச் சருகை ஒதுக்கும் இயந்திரம். மலைமேல் தீயணைப்பு வண்டி ஏறாது. ஆளும் இந்த இயந்திரமும் கையில் ஒரு பச்சைக் கொப்பும்தான் அங்கே ஆயுதம்.

எங்களிடம் இன்னொரு பட்டியலும் உண்டு. நிரந்தரப் பட்டியல் என்று பெயர். உருக்காலை, அனல்மின் நிலையம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று வருடம் முழுக்கச் சூடாக இருக்கும் இடங்களை அதில் போட்டுவிடுவோம். போட்டபின் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்துக்குள் என்ன எரிந்தாலும் வரைபடம் காட்டாது. இல்லாவிட்டால் தினமும் அதே ஆலைக்குத் தீயணைக்க ஆள் அனுப்ப வேண்டியதுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எல்லாரும் செய்வதுபோல நானும் வரைபடத்தில் என் வீட்டைத் தேடினேன். மணலி, எண்ணூர், வள்ளூர் எல்லாம் வட்டத்துக்கு மேல் வட்டம். திருவொற்றியூரில் என் தெரு ஒரு வட்டத்தின் ஓரத்துக்குள் இருந்தது. என் வீட்டிலேயே தீப்பிடித்தாலும் என் மேஜைக்குச் செய்தி வராது. அன்று அதை நினைத்து நன்றாகச் சிரித்தேன். மொட்டை மாடிக்குப் போனால் மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் ஒரு தீ எரிந்துகொண்டே இருக்கும். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எரிகிறது. இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. எப்போதும் எரிவது எங்களுக்குத் தீயே அல்ல. என் தவறு இங்கிருந்துதான் தொடங்கியது என்பதால் இதைச் சொல்கிறேன்.

அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் இருந்தவரை இந்த அறையில் நாள் முழுக்கச் சண்டை நடக்கும். குழம்பில் உப்பு, மின்விசிறியின் வேகம், நான் கல்யாணம் செய்துகொள்ளாதது என்று எதற்கும் சண்டைதான். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. ஒற்றை அறை பெரிதாகத் தெரியுமா என்று கேட்காதீர்கள், தெரியும். தம்பி பெரம்பூரில் இருக்கிறான், ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. தீபாவளிக்கு வருவான், அரை மணி நேரம் இருப்பான், அந்த அரை மணியிலும் போனைப் பார்ப்பான். கீழே கடைக்காரர் குடும்பம் தெற்கத்திக்காரர்கள், நல்லவர்கள். ஆனால் அவர்களுக்குப் பேச நேரமில்லை. சில நாட்கள் நாலு மணிக்குப் போன் எடுக்கும்போதுதான் காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்று தெரியும். முதல் வார்த்தை கரகரவென்று வரும்.

அந்த முதல் வார்த்தைகள் எல்லாம் ஒரு மனிதருக்குத்தான் போயின. தெற்கே, கேரள எல்லையை ஒட்டிய ஒரு மலையில் அவர் வனக்காப்பாளர். அவருக்குக் கீழே மூன்று தீக்காவலர்கள். அவர்கள் தங்கும் இடத்தில் சிக்னல் கிடையாது. ஒரு பாறைமேல் ஏறினால் ஒரு கோடு, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு கோடு கிடைக்கும். தினமும் நாலு மணிக்கு அதில் ஏறி உட்கார்ந்து அவர் என் போனுக்காகக் காத்திருப்பார்.

"எத்தனை பேர் சார்?"

"நாலு பேரும்மா. ப்ளோயர் ரெண்டு. கெட்டுப்போனது எதுவுமில்ல."

"எழுதிக்கிட்டேன் சார்" என்பேன். அவ்வளவுதான் வேலைக்குத் தேவை, அரை நிமிடம். ஆனால் அவர் போனை வைக்கமாட்டார், நானும் வைக்கமாட்டேன். இன்று காட்டுமாடு வந்தது, பசங்க ரசம் வைத்தார்கள், வாயில் வைக்க முடியவில்லை என்பார். நான் இங்கே வெயில், லாரி, ஹாரன் சத்தம் என்பேன். அலுவலகத்துக்காக நான் பேசும் தமிழ் வேறு, என் தெருத் தமிழ் வேறு. அவரிடம் எப்போதும் முதலாவதைத்தான் பேசினேன். மரியாதைக்காரி என்று நினைக்கட்டுமே என்று ஒரு ஆசை.

ஒருநாள் அவர் ப்ளோயர் ஒன்று என்றார். நான் விடவில்லை. "நேத்து ரெண்டு சொன்னீங்க. ஒன்னு எங்க போச்சு? பறந்து போச்சா?"

"இங்கனதாம்மா இருக்கு. பெட்ரோல் இல்ல, அதான் சொல்லல."

"இருந்தா இருக்குன்னு சொல்லணும் சார். என் அட்டவணையில ஒன்னு குறைஞ்சா மேல எனக்குத்தான் கேள்வி வரும்."

"சரி தாயி, இனிமே ப்ளோயரைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டே தூங்குறோம்" என்று சிரித்தார். பின்னால் இருந்த அவருடைய ஆட்களும் சிரித்தது கேட்டது. அதில் அவர்கள் பெரியவர் என்று கூப்பிடும் வயதான காவலர் ஒருவர் இருமிக்கொண்டே சிரிப்பார். அந்த இருமலையும் எனக்கு அடையாளம் தெரியும்.

இனி அந்தத் தவறு. ஒரு மார்ச் மாதம், அவருடைய மலையில், காட்டு எல்லையை ஒட்டி வெளியே ஒரு பழைய எஸ்டேட் இருந்த இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. மறுநாளும் அதே இடத்தில் விழுந்தது. மூன்றாம் நாளும். காட்டுக்குள் இல்லை என்பதால் செய்தி அனுப்பவில்லை, மஞ்சள் குறி மட்டும் போட்டு வைத்திருந்தேன். என் மேலாளர் வேறு ஊரில் இருக்கும் ஒரு சின்ன வயதுக்காரர். திரும்பத் திரும்ப வரும் புள்ளிகளை இன்னதென்று முடிவுசெய்து மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள் என்று அன்று எல்லாருக்கும் செய்தி போட்டிருந்தார். அந்த இடத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீளமான தகரக் கூரை, ஒரு மண் சாலை, கூரை ஓரத்தில் புகைபோக்கி மாதிரி ஏதோ ஒன்று. எங்கள் பக்கத்தில் தகரக் கூரையும் புகைபோக்கியும் இருந்தால் உள்ளே ஏதோ எரிகிறது என்று அர்த்தம். தேயிலைத் தொழிற்சாலை என்று எழுதி நிரந்தரப் பட்டியலில் போட்டேன்.

விதி அப்படியல்ல. ஒரு புள்ளியை ஒரு மாதமாவது பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் ஆளிடம் கேட்ட பிறகே போட வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியும். நாலு மணிக்கு அவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாலு மணிக்குப் போன் போட்டபோது அவர், கடல் எப்படிம்மா இருக்கும், நான் பார்த்ததே இல்லை என்று ஆரம்பித்தார். ஐம்பது வயது மனிதர், கடலைப் பார்த்ததில்லை. நான் காசிமேட்டில் விடியற்காலையில் மீன் இறங்குவதைச் சொன்னேன், அலை அடித்து எங்கள் பக்கத்தில் வீடுகள் போனதைச் சொன்னேன், அலையைத் தடுக்கக் கரையில் போட்டிருக்கும் கல்லைச் சொன்னேன். இருபது நிமிடம் பேசினோம். அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பேசவிட்டு நீண்ட நாள் ஆகியிருந்தது. அந்தச் சுகத்தில், கேட்க வேண்டியதை மறந்தேன். மூன்று மணிக் கெடுவையும் ஒரு மேலாளரையும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மறந்ததற்குக் காரணம் அந்த இருபது நிமிடம்தான்.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, அவர் கேட்டார். "நாளைக்குப் பழைய எஸ்டேட்டுக்கு மேல தீக்கோடு வெட்டப் போறோம்மா. அந்தப் பக்கம் புள்ளி எதுவும் காட்டுதா?"

தீக்கோடு என்பது தீ தாண்டிவராமல் இருக்க, காட்டில் புல்லையும் சருகையும் சுரண்டி எடுத்துப் போடும் வெறும் பாதை. நான் திரையைப் பார்த்தேன். மலை சுத்தமாக இருந்தது.

"ஒன்னுமே இல்ல சார். நிம்மதியா போயிட்டு வாங்க."

நிம்மதியா என்ற வார்த்தையை நான்தான் சேர்த்தேன், அவர் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டே கால் மணிக்குப் புள்ளிகள் வந்தன. ஆந்திரப் பக்கம் நிறைய, கர்நாடகத்தில் கொஞ்சம். அவருடைய மலையில் ஒன்றுமில்லை. நாலு மணிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. நாலு ஐந்துக்குப் போட்டேன், நாலு பத்துக்குப் போட்டேன். இரண்டு பருவமாக அந்தப் பாறைமேல் அவர் இல்லாத நாலு மணி ஒன்றுகூட இல்லை. காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் ஏறி வந்து உட்கார்ந்து, "காய்ச்சல்மா, நாலு பேருதான், அதுல ஒருத்தன் அரை ஆளு" என்று சொன்னவர் அவர்.

அப்போதுதான் அந்தத் தகரக் கூரை நினைவுக்கு வந்தது. நிரந்தரப் பட்டியலைத் திறந்து, எஸ்டேட் வரியின் எதிரே இருந்த குறியை எடுத்தேன். வட்டம் மறைந்தது. அது இருந்த இடத்தில் ஐந்து சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஒன்றரை மணிக்கே எடுத்த புள்ளிகள். அந்த வட்டம் மட்டும் இல்லாமல் இருந்தால் இரண்டே கால் மணிக்கே செய்தி போயிருக்கும், சரக அலுவலகத்தில் வாக்கி-டாக்கியில் அவரைக் கூப்பிட்டு இறங்கி வாங்க என்று சொல்லியிருப்பார்கள்.

சரக அலுவலகத்துக்குப் போட்டேன். எடுத்தவர் மூச்சு வாங்கினார். "மூணு மணில இருந்து புகை தெரியுதும்மா. எஸ்டேட்டே மூடிக் கிடக்கு, யாரோ வெட்டுன மரத்துக் கட்டையெல்லாம் குமிச்சுக் கொளுத்தி ஒரு வாரமாக் கனிஞ்சுகிட்டு இருந்திருக்கு. காத்து வந்து புல்லுக்கு இழுத்திருச்சு. ஜீப்பு போயிருக்கு. வாக்கியில கூப்பிட்டா எடுக்க மாட்டேங்குறாய்ங்க."

"ஜீப் போய்ச் சேர எவ்ளோ நேரம்?"

"ரெண்டு மணி நேரமாவது ஆகும்மா. பாதை கீழ இருந்துல்ல."

அட்டவணையைப் பார்த்தேன். எத்தனை பேர், எங்கே, என்ன வைத்திருக்கிறார்கள். இத்தனை நாளும் நிரப்பியது இதற்குத்தான் என்று அன்று புரிந்தது. மலையின் உச்சிதான் மாநில எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், முகட்டிலிருந்து கொஞ்சம் கீழே, கேரள வனத்துறையினர் பன்னிரண்டு பேர் முகாம் போட்டிருந்தார்கள். மதியம் நானே கேட்டு எழுதியது. இந்தப் பக்கத்து அலுவலகத்துக்கு அது தெரியாது, தெரிய வழியும் இல்லை. அந்த முகாமின் எண்ணுக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்த மலையாளம் பத்து வார்த்தை. அதில் தமிழையும் இந்தியையும் கலந்து கத்தினேன். "நாலு ஆள், மேலே, தீ, வேகம் போகணும் சேட்டா" என்று எதையோ சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், எந்த இடத்துக்கு மேலே என்று. பழைய எஸ்டேட் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. திரையில் அடுத்த புள்ளிகள் வர இனி இரவாகும். அறையில் உட்கார முடியவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து மாடியில், டிரெய்லர் லாரி ஓட்டுகிறவரின் மனைவி காய்ந்த துணியை உதறி உதறி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உதறலுக்கும் கரித்தூள் பறந்தது.

"இன்னாக்கா, வெறும் கால்ல நின்னுகினு கீற? தரை சுடல?"

அப்போதுதான் செருப்பு போடாமல் வந்தது தெரிந்தது. "தீப்புடிச்சிகினு கீதும்மா" என்றேன்.

அவள் சட்டென்று திரும்பி மணலிப் பக்கம் பார்த்தாள். புகைபோக்கியின் உச்சியில் அது வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. "அதுவா? அது டெய்லி எரியிறதுதானேக்கா. நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லித் துணியை மடித்தாள்.

அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. திங்கட்கிழமை நான் செய்ததும் அதைத்தான். அவள் செய்ததில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை அவருக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். உலகத்தில் நான் குரல் கேட்டு அடையாளம் சொல்லக்கூடிய மனிதர்கள் நாலு பேர் என்றால் அந்த நாலு பேரும் அந்த மலையில் இருந்தார்கள். அவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது. மேடம், அம்மா, தாயி. அதற்கு மேல் அவர்கள் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.

ஆறு இருபதுக்கு மணி அடித்தது. கேரளத்து எண். பேசியது அவர்.

"அம்மா..." குரல் கருகியிருந்தது.

"அண்ணா! எங்க கீறீங்க? அல்லாரும் கீறாங்களா? இன்னா ஆச்சு, சொல்லுங்க!" என் தெருத் தமிழ் தானாகக் கொட்டியது. அதுவரை அவரை அண்ணா என்று கூப்பிட்டதும் இல்லை.

"நாலு பேரும் இருக்கோம்மா. நாங்க சுரண்டிப் போட்ட கோட்டுலயே குப்புறப் படுத்துக்கிட்டோம். தீ மேல தாண்டிப் போயிருச்சு. கேரளாக்காரங்கதான் வந்து தூக்குனாங்க. பெரியவருக்குத்தான் ரெண்டு காலும் வெந்துருச்சு. எங்ககூடவே படுத்திருக்க வேண்டிய ஆளு. ப்ளோயரை மேல விட்டுட்டு வந்துட்டோம், சென்னையில அந்தம்மா கேட்கும்னு அதை எடுக்கத் திரும்பி ஓடுனாரு."

போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து மேஜைமுன் உட்கார்ந்தேன்.

அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். மேலாளர் உடனே கூப்பிட்டார். "நீங்க லிஸ்ட்ல போட்டீங்கன்ற வரியை எடுத்துடுங்க மேடம். புகை மறைச்சதால சேட்டிலைட் மிஸ் பண்ணிடுச்சுன்னு போடுங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது." எடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயம் உண்டு. அதைவிட, நாலு மணிக்குப் பேச ஆள் போய்விடுவார் என்ற பயம் பெரிதாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஒரு வாரம் அந்த மலைக்கு வேறு யாரோ ஆட்களின் எண்ணிக்கையைச் சொன்னார்கள். எட்டாம் நாள் நாலு மணிக்கு அவரே எடுத்தார். குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், இனி மலை ஏற முடியாது என்றார். நான் "ஐயோ" என்றதும், "நீங்க ஏம்மா வருத்தப்படுறீங்க? அம்புட்டு உசரத்துல இருக்குற சேட்டிலைட்டுக்கே கண்ணு மறைச்சிருச்சு, நீங்க என்ன செய்வீங்க?" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சேட்டிலைட் பார்த்துச்சு அண்ணா. நான்தான் மறைச்சேன்" என்றேன். தகரக் கூரை, பட்டியல், வட்டம், கடலைப் பற்றிப் பேசிய அந்த இருபது நிமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாறைமேல் காற்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முடித்தபின், "நிம்மதியா போயிட்டு வாங்கன்னு சொன்னீங்களேம்மா" என்றார். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு எடுத்தது ஓர் இளைய காவலரின் குரல். "மூணு பேரு, ப்ளோயர் ஒன்னு" என்றது, துண்டித்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பின்னால் அவர் இருக்கிறாரா என்று காது கொடுத்துக் கேட்பேன். ஒருநாள் அந்தப் பையனிடம் ஏதோ சொல்லும் அவருடைய குரல் கேட்டது. அவர் அங்கேதான் இருந்தார், என்னிடம் பேசத்தான் இஷ்டமில்லை. எனக்கு அது தகும். மேலாளருக்கு மறுபடி எழுதினேன், பழைய வரியையே எழுதினேன், இந்தத் தடவை அவருக்கு மேலே இருப்பவருக்கும் சேர்த்து அனுப்பினேன். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. களத்தில் கேட்காமல் யாரும் எதையும் நிரந்தரப் பட்டியலில் போட முடியாதபடி ஒரு பூட்டு மட்டும் போட்டார்கள். நான் என் பங்கில் இருந்த பட்டியல் முழுவதையும் தினமும் ஒரு தடவை திறந்து, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் பார்த்துவிட்டு மூடத் தொடங்கினேன். எண்ணூர், மணலி உட்பட. யாரும் செய்யச் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் பிடிக்கும். என்னிடம்தான் நேரம் இருக்கிறதே.

மே மாதக் கடைசியில், அங்கே முதல் மழை பெய்துவிட்ட ஒரு நாளில், நாலு மணிக்குப் போன் போட்டேன்.

"எத்தனை பேர்?"

"மூணு பேரும்மா" என்றார். அவர்தான். "ப்ளோயர் ஒன்னு."

எழுதினேன். வழக்கமாக அவர் கேட்க வேண்டியதை, அவர் கேட்காமலே நான் சொன்னேன். "உங்க பக்கம் புள்ளி இல்லைங்க. வட்டத்தையெல்லாம் திறந்தும் பார்த்துட்டேன். இல்ல."

"ம்."

வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. கீழே சாலையில் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"பெரியவர் நடக்குறாரு. கம்பு வச்சுக்கிட்டு. உங்களைக் கேட்டாரு."

"என்னையா?"

"ப்ளோயர் ஒன்னாச்சும் கிடைச்சிருச்சுன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டியாடான்னு கேட்டாரு." அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. பிறகு, இரண்டு பருவமாக நான் கேட்டு அவர் பதில் சொன்ன அந்தக் கேள்வியை, அவர் முதல்முறையாக என்னிடம் கேட்டார். "அங்க உங்ககூட எத்தனை பேரும்மா?"

அறையைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கட்டில் இருந்தது, அதன்மேல் மடிக்காத துணி இருந்தது.

"நான் மட்டும்தான் கீறேன் அண்ணா."

அவர், நான் தினமும் அவருக்குச் சொல்லும் அதே குரலில், அதே வேகத்தில் சொன்னார்.

"ஒரு ஆளு. எழுதிக்கிட்டேன். நாளைக்கு நாலு மணிக்குக் கேட்பேன்."